அம்சவள்ளி வாசிக்காத அத்தியாயம்

கோல சிலாங்கூரில் மணப்பெண்களுக்கு நகை செட் வாடகைக்கு விடும் அம்சவள்ளி, பதினேழு வயதில் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தைக் கிழித்து அடுப்பில் போட்டவள். அதற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கணவன் சன்னாசி எப்போதாவது கேட்டால், "கருவாட்டுச் சட்டி காயணும்ல, அதான்" என்பாள்.

நாவலின் பெயர் 'கிராணி வீட்டு முன்வாசல்'. எழுதியவர் ஒரு தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் தொடராக வந்தபோதே தோட்டங்களில் அதற்கு அடிதடி. புத்தகமான பிறகு, வடக்கு சிலாங்கூர் தோட்டங்களில் அதன் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இல்லை என்று ஆகிவிட்டது.

ரப்பர்ப் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்த சொர்ணம், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணி வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போகிறாள். அந்த வீட்டார் பேசும் யாழ்ப்பாணத் தமிழைக் காதாலேயே திருடிக்கொள்கிறாள். சேலை மடிப்பு எங்கே விழ வேண்டும், தேநீர்க் கோப்பையை எந்த விரலால் பிடிக்க வேண்டும், யாரிடம் சிரிக்கலாம், யாரிடம் சிரிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறாள். கடைசியில் அந்த வீட்டுப் பையனையே கட்டிக்கொள்கிறாள். விருந்தாளிகள் வந்திருந்த ஒரு நாள், தன்னைப் பார்க்க வந்த தாயைக் காட்டி, "என்னை வளர்த்த ஆயா" என்று சொல்லவும் செய்கிறாள். பின்பக்கமாக வாளியோடு நுழைந்தவள், முன்வாசல் பிரம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "காப்பியை இஞ்ச கொண்டு வாங்கோ" என்று மாமியாரிடம் சொல்லும் இடத்தில் கடைசிக்கு முந்தின அத்தியாயம் முடிகிறது.

அந்த நாற்காலியின் அருமை தோட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கிராணி வீட்டு முன்படியில் தொழிலாளி கால் வைக்கக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் யாரும் வைத்ததில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போக வேண்டும். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அப்புறம் அவர்களுக்குக் காது கேட்கும்வரை நிற்க வேண்டும்.

பத்திரிகை எட்டாத அம்சவள்ளியின் தோட்டத்தில், இளைஞர் மன்ற அலமாரியில் அந்த நாவல் ஒரே ஒரு பிரதி இருந்தது. அட்டை போய், சீனக் காலண்டர் தாளில் உறை போட்ட பிரதி. லயத்து வரிசை வீட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அதனால் சனிக்கிழமை மதியம், வேலை முடிந்து குளித்த பிறகு, தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் எல்லோரும் கூடுவார்கள். ஒருத்தி அரிசி புடைப்பாள், ஒருத்தி மகளுக்குப் பேன் பார்ப்பாள். அம்சவள்ளி வாசிப்பாள். வாரம் ஓர் அத்தியாயம்.

அவளுக்குத் தெரிந்தது வாசிப்பு மட்டுமல்ல. குரல் மாற்றவும் தெரியும். கிராணி பேசினால் மூக்கால் பேசுவாள். மாமியார் மகேஸ்வரி பேசினால் கழுத்தை இழுத்துக்கொள்வாள். சொர்ணம் தாயை ஆயா என்று சொன்ன அத்தியாயத்தில் அரிசி புடைத்த முறம் நின்றுவிட்டது.

"அந்த வாயில சூடு வைக்கணும்" என்றாள் ஒருத்தி.

"வச்சுட்டு அடுத்தத படிக்கச் சொல்லு" என்றாள் துளசி. அவளும் அம்சவள்ளியும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே சுவரின் இரண்டு பக்கத்து வீடுகள்.

கடைசி அத்தியாயத்தை அம்சவள்ளி வெள்ளிக்கிழமையே தனியாகப் படித்துவிட்டாள். கணவன் வியாபாரத்தில் நொடித்துப் போகிறான், வீட்டைவிட்டு ஓடிய சொர்ணம் மழையில் திரும்பி வருகிறாள், பின்வாசலுக்கு. மகேஸ்வரியின் காலில் விழுகிறாள். "என் இடம் எனக்குத் தெரிஞ்சு போச்சம்மா" என்று அழுகிறாள். பழைய வாளியை எடுத்துக்கொள்கிறாள். முற்றும்.

அதே வெள்ளிக்கிழமை காலையில், அவள் அம்மா நவமணி ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கக் கிராணி வீட்டுப் பின்பக்கம் போயிருந்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்ததால் குரல் கேட்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. நவமணி நனைந்துபோய்த் திரும்பி வந்தபோது, ஒரு கையில் சீட்டும் இன்னொரு கையில் பாதி பிஸ்கட் இருந்த டின்னும் இருந்தன. "ரொம்ப நல்ல மனசு அந்த அம்மாவுக்கு" என்று சொல்லிக்கொண்டே டின்னைத் துடைத்து மேலே வைத்தாள். கெட்ட மனசாக இருந்திருந்தால் அம்சவள்ளிக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அந்த டின்னைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் பிரம்பு நாற்காலி வரைக்கும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"அவ்வளவுதான்."

"முடிஞ்சிருச்சா?" என்றாள் துளசி. "அப்ப முன்வாசல்லயே உக்காந்துட்டாளா?"

"உக்காந்துட்டா."

புடைத்துக்கொண்டிருந்த அரிசியை மடியில் வைத்துவிட்டு ஒரு கிழவி கைதட்டினாள். அதற்கு முன்பு பைப்படியில் யாரும் கைதட்டியதில்லை.

அந்த நாவல் பெண்களை எச்சரிக்க எழுதப்பட்டது என்று பிற்காலத்தில் படித்தவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். அம்சவள்ளி அதைத் தையல் பழகுகிறவள் வெட்டுத்தாளை வைத்துக்கொள்வதுபோல் வைத்துக்கொண்டாள். பால்வாளியைத் தூக்க மாட்டேன் என்று பதினெட்டு வயதில் தோட்டத்தைவிட்டுக் கிளம்பினாள். பாசிர் பெனம்பாங்கில் ஒரு சீன முதலாளித் தவ்கேயின் கடல் உணவுக் கடையில் இறால் உரித்தாள். உரிக்கும்போதே அவர்கள் பாஷையைப் பிடித்துக்கொண்டு, ஆர்டர் எடுக்கும் இடத்துக்கு நகர்ந்தாள். கிள்ளானில் அழகுக் கலை வகுப்பில் சேர்ந்தபோது, கூடப் படித்த பெண்கள் அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். "ஆபீஸ்ல" என்றாள். அப்பா ஆபீஸ் புல் வெட்டியவர்தான். அவரை அந்த ஆபீஸைவிட்டு யாரும் விரட்டவில்லையே என்று இன்றைக்கும் வாதாடுவாள்.

நாவலில் அவள் பின்பற்றாத ஒரே பாடம் கிராணி மகன். அப்படி ஒருவனைத் தேடிப் போக அவளுக்கு நேரம் இருக்கவில்லை. லோரி ஓட்டும் சன்னாசியைக் கட்டிக்கொண்டாள். அவன் நன்றாகச் சிரிப்பான், சமைத்தால் சாப்பிடும்படி இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து புக்கிட் பெலிம்பிங்கில் மூலை வீடு வாங்கினார்கள். வாசலில் முதலில் போட்ட சாமான் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் நவமணியை உட்காரவைத்தாள். நவமணிக்கு அது பிடிக்கவே இல்லை. முதுகு வலிக்கிறது என்று உள்ளே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். சாகும்வரை அது ஒரு சண்டையாகவே இருந்தது.

கல்யாண வீடுகளில் பழைய தோட்டத்துக்காரர்கள் அம்சவள்ளியைப் பார்த்தால், "வந்துட்டாப்பா சொர்ணம்" என்பார்கள். பாதி கேலி, பாதி பொறாமை. அவளும், "சொர்ணம்தான். காப்பி எங்க?" என்பாள்.

தோட்டம் கை மாறி, மரங்கள் போய், லயமும் போனது. துளசியும் இன்னும் பலரும் புக்கிட் பெருந்துங் பக்கம் வீடு எடுத்துப் போனார்கள். புத்தகம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. கதை மட்டும் அவர்களோடு போனது, நாற்காலியோடு முடிகிற கதை. மகள் நர்ஸ் படிப்புக்குக் கிளம்பினால், "போ, போயி சொர்ணம் மாதிரி உக்காரு" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒருத்தி தன் பேத்திக்கு அந்தப் பெயரையே வைத்தாள்.

போன வருடம் ஒரு நாள், பெட்டாலிங் ஜெயாவில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் நிமல் என்ற இளைஞன் நகை வாடகை விசாரித்துக் கடைக்கு வந்தான். 'கிராணி வீட்டு முன்வாசல்' நாவலை மேடையேற்றப் போகிறான். அவனுடைய தாத்தாவின் அப்பா இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவராம்.

"நாவல் படிச்சிருக்கீங்களாக்கா?"

"படிச்சனாவா? எங்க தோட்டத்துக்கே வாசிச்சுக் காட்டுனது நான்தான்."

"மாமியார் முதல் தடவ சொர்ணத்தப் பார்க்கிற சீன் ஞாபகம் இருக்கா?"

அம்சவள்ளி கையிலிருந்த ஒட்டியாணத்தைக் கீழே வைத்தாள். கழுத்தை இழுத்துக்கொண்டாள். "ஆர் பிள்ளை நீ? ஏன் இதில நிக்கிறாய்?" என்று ஆரம்பித்து, அந்தப் பக்கம் முழுவதையும் இரண்டு குரலிலும் பேசி முடித்தாள். நெற்றிச்சுட்டி பார்க்க வந்திருந்த மணப்பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். நிமல் போனை எடுத்து, சொர்ணமாக நடிக்க வேண்டியிருந்த நடிகையிடம் வர வேண்டாம் என்று அங்கேயே நின்று சொன்னான்.

அன்றைக்கே அம்சவள்ளி துளசிக்குப் போன் போட்டாள். "ஏய், மேடையில உக்காரப் போறேன்டி. நாற்காலியில."

"எப்பனு சொல்லு. பஸ்ஸு புடிக்கிறோம்."

வசனத்தாள் வந்த பிறகுதான் சிக்கல். அடுப்பில் போட்டது இத்தனை வருடம் கழித்துச் சுத்தமாகத் தட்டச்சாகித் திரும்பி வந்திருந்தது. பின்வாசல், மழை, வாளி, மகேஸ்வரியின் கால். ஒரு வரி குறையவில்லை.

ஒத்திகையில் அவள் நேராகவே சொன்னாள். "நிமல், இந்தக் கடைசி சீன் நான் செய்யல."

"அக்கா, அதுதான் கிளைமேக்ஸ். அதுக்குத்தான் முழு டிராமாவும்."

"நாற்காலியோட முடி. கைதட்டுதானே வேணும், அங்கயே வாங்கித் தரேன்."

"கைதட்டு இல்லக்கா. ஆடியன்ஸ் அழணும்."

"அழுதது போதும்லா."

"பெத்த அம்மாவ ஆயான்னு சொன்னாங்க. அதுக்கு ஒரு முடிவு வேணாமா?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் கோபம் இன்னும் கூடியது. "என் முட்டி மடங்காது. அவ்வளவுதான்."

மாமியார் மகேஸ்வரியாக நடித்தவள் விமலா, இடைநிலைப் பள்ளி ஆசிரியை. யார் சண்டை போட்டாலும் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவாள். "அக்கா, நீங்க குனிஞ்ச உடனே நான் தூக்கிடுறேன். தரையே படாது" என்றாள்.

"தரைக்கும் எனக்கும் என்னா டீச்சர் பகை? தரையில படுத்து வளந்தவதான் நான்."

நிமல் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். நாவலாசிரியரின் மகன் லோகேஸ்வரன் அனுமதி கொடுத்ததே முடிவை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான். முதல் வரிசையில் அவர்தான் உட்காரப் போகிறார். "நீங்க விழலன்னா, விமலா டீச்சருக்கு சொர்ணம் லைன் எல்லாம் தெரியும்க்கா. எனக்கு வேற வழி இல்ல." மிரட்டும் குரலில் அவன் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தத்தோடு சொன்னான். அதுவும் அந்த பிஸ்கட் டின் மாதிரிதான் இருந்தது.

பஸ் ஏற்பாடாகிவிட்டது. பைப்படியில் உட்கார்ந்திருந்தவர்களில் உயிரோடு இருக்கிற எல்லோரும் வருகிறார்கள். பாத்திரத்தை விட்டால் அவர்கள் முன்னால் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்காருவாள். பாத்திரத்தை வைத்துக்கொண்டால், அவர்களுடைய சொர்ணத்தை இவளே கையைப் பிடித்து இறக்கிப் பின்வாசலுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

அன்றைய ஒத்திகையில் அவள் விழுந்தாள். சும்மா விழவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து, கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, காது கேட்காத ஒருத்தியைக் கூப்பிடுவதுபோல் "அம்மா" என்று குரல் கொடுத்து, நின்று, மறுபடியும் குரல் கொடுத்து, பிறகு விழுந்தாள். துண்டை அவிழ்க்கச் சொல்லி வசனத்தாளில் இல்லை. விமலா தூக்க மறந்து அழுதாள். விளக்குப் போடுகிறவன் மூக்கை உறிஞ்சினான். நிமல் எழுந்து நின்றான்.

சன்னாசி லோரியோடு வெளியே காத்திருந்தான்.

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா வந்துச்சு."

"அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா வந்துச்சு, அதான்."

சன்னாசி லோரியை ரோட்டுக்குத் திருப்பினான். "பிடிக்கலன்னா விழாத. கூத்துதானே."

"கூத்துதான். ஆனா பஸ்ஸு வருதே."

நாடகத்தன்று, மேக்கப் போட்டுக்கொண்டே அவள் நிமலிடம் சொன்னாள். "நாற்காலி வரைக்கும் நான் உனக்கு வாக்கு தரேன். அதுக்கு அப்பறம் எனக்கே தெரியாது. பின்னாடி நான் சொல்லலன்னு சொல்லாத." மேடைக்கு ஏறும் முன்பு எல்லோருக்கும் வரும் நடுக்கம் என்று அவன் எடுத்துக்கொண்டான். தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மண்டபம் நிறைந்திருந்தது. புக்கிட் பெருந்துங் பஸ் சீக்கிரமே வந்துவிட்டதால், தோட்டத்துப் பெண்கள் பிரமுகர்களுக்குப் போட்டிருந்த குஷன் நாற்காலிகளுக்கு நேர் பின்னால் இரண்டு வரிசையைப் பிடித்துவிட்டார்கள். கச்சான் கடலையும் முறுக்கும் கைமாறின. நாடகம் நடக்கும்போதே அவர்களும் பேசினார்கள். பைப்படியில் பேசியதுபோலவேதான்.

"இப்பப் பாரு, சேலைய இழுத்து விடுவா."

"விட்டாளா? நான் சொல்லல?"

தாயை ஆயா என்று சொன்ன கட்டத்தில் முறுக்கு கைமாறுவது நின்றது. அதே பழைய குரல் எழுந்தது. "வாயில சூடு வைக்கணும்." அவள் இன்னும் மன்னித்திருக்கவில்லை.

பாதியில் டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் வந்தார். வழக்கம்போல நாடகத்தை நிறுத்தினார்கள். விளக்கைப் போட்டு, மேளம் தட்டி, அவரை மேடைக்கு அழைத்து, மகேஸ்வரி வேடத்தில் இருந்த விமலாவையே பொன்னாடை போர்த்த வைத்தார்கள். சொர்ணம் கையில் எச்சில் தட்டோடு ஓரமாக நின்றாள். டத்தோ சுருக்கமாக என்று ஆரம்பித்து நீளமாகப் பேசினார். பேசிவிட்டு, இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறதென்று கிளம்பிப் போனார். லோகேஸ்வரனுக்காக வைத்திருந்த பொன்னாடை மட்டும் மேடை ஓரத்தில் தட்டில் மிச்சம் இருந்தது.

கடைசிக்கு முந்தின காட்சி வந்தது. நடுமேடையில் பிரம்பு நாற்காலி. அம்சவள்ளி புக்கிட் பெலிம்பிங் வீட்டிலிருந்து லோரியில் கொண்டு வந்த நாற்காலி அது. நடந்து வந்தாள். உட்கார்ந்தாள். கால்மேல் கால் போட்டாள். மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"காப்பியை இஞ்ச கொண்டு வாங்கோ."

விளக்கு அணைய வேண்டும். அணைவதற்குள் இரண்டு வரிசையும் எழுந்து நின்றுவிட்டது. கைதட்டல், விசில், யாரோ குலவை போட்டார்கள். கதை முடிந்துவிட்டது. அவர்களுக்குத் தெரிந்த கதை அங்கேதான் முடிகிறது. ஒருத்தி செருப்பைத் தேடினாள். துளசி அதற்குள் மேடைப் படியில் ஏறிவிட்டாள். நாடகம் முடிந்தால் பொன்னாடை போர்த்துவது முறை. யாரும் வராததால் அவளே தட்டிலிருந்து எடுத்து, விரித்து, அம்சவள்ளியின் தோளில் போர்த்தினாள்.

"நல்லா உக்காந்தடி" என்றாள்.

நிமல் திரைக்குப் பின்னாலிருந்து மைக்கோடு ஓடி வந்தான். "தயவுசெஞ்சு உக்காருங்க. நாடகம் முடியல. இன்னும் ஒரு சீன் இருக்கு."

"என்னா சீன்?" என்று கீழிருந்து ஒரு குரல். "முடிஞ்சிருச்சே தம்பி."

"இல்லம்மா, நாவல்ல இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கு."

"நாங்க முழுசாக் கேட்டவங்க. எங்ககிட்டயே சொல்றியே."

முதல் வரிசையில் லோகேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். மேடையின் இடதுபக்கம், பின்வாசல் தட்டிக்கு அருகே, விமலா அடுத்த காட்சிக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில் வாளி இருந்தது. எல்லோரும் அம்சவள்ளியைப் பார்த்தார்கள். அவள் எழுந்தால் நாடகம் தொடரும்.

அவள் எழவில்லை. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டாள்.

"தம்பி சொல்றது உண்மைதான்" என்றாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. "இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கு. நான்தான் உங்களுக்கு வாசிக்கல. கிழிச்சு அடுப்புல போட்டேன்."

துளசி மேடையில் நின்றபடி கேட்டாள். "அதுல என்னா இருந்துச்சு?"

"சொர்ணம் திரும்பி வந்து கால்ல விழுறா."

"யார் கால்ல? அவ ஆத்தா கால்லயா?"

"கிராணி வீட்டு அம்மா கால்ல. பின்வாசல்ல."

துளசி அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு நிமல் பக்கம் திரும்பினாள். "எதுக்கு தம்பி?"

"அது வந்து, அவங்க பெத்த தாயையே ஆயான்னு சொன்னாங்கள்ல..."

"சொன்னா. தப்புதான். அதுக்கு ஆத்தா கால்ல விழட்டும். அவ வெளக்குமாறால நாலு போடட்டும், நானும் சேந்து போடுறேன். கிராணி வீட்டுக்கு அதுல என்னா வேல? அவங்களுக்கு இவ என்னா கெடுதல் பண்ணா?"

நிமல் மைக்கை வாயருகே கொண்டு போனான். மைக் கீழே இறங்கியது.

அம்சவள்ளிக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஒத்திகையில் அவன் கேட்டபோது தேடிக் கிடைக்காத பதில் இதுதான். துளசி அதை முறுக்கு எண்ணெய் ஒட்டிய கையோடு வந்து இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

அம்சவள்ளி விமலாவைப் பார்த்தாள். கழுத்தை இழுக்கவில்லை, மூக்கால் பேசவில்லை. தன் சொந்தக் குரலில், தோட்டத்துத் தமிழில் சொன்னாள்.

"காப்பி கேட்டு எவ்வளவு நேரமாச்சு? இங்கன கொண்டாங்க."

விமலா நிமலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சண்டை என்றாலே சமாதானம் பேசும் விமலா டீச்சர், வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையிலிருந்த வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு, நடுமேடைக்கு நடந்து வந்து நீட்டினாள். அம்சவள்ளி அதை இரண்டு கையாலும் வாங்கி, இல்லாத காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். விளக்குப் போடுகிறவன் யாரையும் கேட்காமல் விளக்கை அணைத்தான்.

பிறகு லோகேஸ்வரன் ஒப்பனை அறைக்கு வந்தார். கதவைத் தட்டாமலே கோபத்தோடு உள்ளே நுழைந்தார். "எங்க அப்பா எழுதின கதை அது இல்ல."

"உங்கப்பா எழுதுன கதைய ஒரு வருசமா வாரா வாரம் வாசிச்சவ சார் நான்" என்றாள் அம்சவள்ளி, பொட்டை எடுத்துக்கொண்டே. "எங்க ஜனங்க அழுதது, சிரிச்சது, திட்டுனது எல்லாம் அவருக்குத்தான். அந்த ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் நான் பொறுப்பு. அத நான் திருப்பித் தர முடியாது."

அவர் பொன்னாடை இல்லாமலே கிளம்பிப் போனார். பத்திரிகையில் ஒருவர், பொறுப்பற்ற நடிப்பால் ஒரு நல்ல நாடகம் சிதைந்தது என்று எழுதினார். கிள்ளானில் அடுத்த மேடையில் விமலா சொர்ணமாக நடித்தாள். விழ வேண்டிய இடத்தில் விழுந்தாள். கூட்டம் அழுததாம். அம்சவள்ளி போகவில்லை. துளசியின் மகள் போய்விட்டு வந்து, கதையை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் புகார் சொன்னாள்.

நிமல் வெகுநாள் பேசவில்லை. பிறகு ஒரு மதியம் நகை செட்டைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு வந்தான். அம்சவள்ளி ஒரு மணப்பெண்ணுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். நகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

"ஒண்ணு கேக்கவாக்கா? கடைசி அத்தியாயத்துல என்ன இருக்குன்னு இப்ப அவங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. இனிமே அந்தக் கதை அவங்களுக்குப் பழையபடி இருக்குமா?"

அம்சவள்ளி வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்தாள்.

"பஸ்ஸுல போறப்பவே பேசி முடிச்சிட்டாங்களாம். வாத்தியாருக்கு அன்னைக்கு ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கும், வேற யாரோ எழுதிச் சேத்துட்டாங்கன்னு." ஊசியைப் பூவில் குத்தினாள். "அந்த நாற்காலியில உக்காரு தம்பி. காப்பி சொல்றேன்."